ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் ஊர் முன்னால் கதை சொல்லலாமா? வேலூர்க்காரர்களே, பேசுங்கள்

பாலாற்றங்கரை:
ஒரு யோசனை ஓடுகிறது. சிறைக்குப் போய் வந்தவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் மாதம் ஒருமுறை தொரப்பாடி பக்கம் ஒரு மண்டபத்தில் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் கேட்பார்கள். வீடியோ எடுத்து யூடியூபில் போடுவோம். நம் ஊரில் 1830லிருந்து மத்திய சிறை இருக்கிறது. பெண்கள் தனிச்சிறை இருக்கிறது. சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிற அகாடமியும் இங்கேதான். ராஜாஜி இந்தச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பை இன்றைக்கும் படிக்கிறோம். அடிதடி கேசில் உள்ளே போய் வந்த பக்கத்துத் தெரு ஆளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

குடியாத்தத்துக்காரி:
என் தம்பியை வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவன் தண்டனை முடிந்து வந்து எங்கள் கடைத்தெருவிலேயே டீ குடிக்கிறான். அவனைப் பார்த்தால் என் அம்மா சுற்று வழியில் வீட்டுக்கு வருவார். அவன் நாளைக்கு மைக் பிடித்து "அன்றைக்கு என்ன நடந்தது என்றால்" என்று ஆரம்பிப்பான். என் தம்பி எழுந்து வந்து பதில் சொல்வானா? கேட்பவர்கள் அழுவார்கள், கை தட்டுவார்கள். அதையும் நாங்கள் போனில் பார்க்க வேண்டுமா?

பாகாயம் பாஸ்கர்:
அக்கா சொல்வதே சரி. களி தின்றவனுக்கு எதற்கு மேடை?

பாலாற்றங்கரை:
பாஸ்கர் அண்ணே, உள்ளே இருக்கிற எல்லோரும் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் இல்லை. 2022 தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் அதில் உண்டு. அவர்கள் பேச வேண்டாமா?

சத்துவாச்சாரி வக்கீல்:
அந்தக் கணக்கு உங்கள் யோசனைக்கே எதிராகப் போகிறது, தம்பி. கேஸ் நடக்கும்போது ஜாமீனில் வந்தவர் உங்கள் மண்டபத்தில் உருகிப் பேசினால், அது கோர்ட்டுக்கு வரும். போலீசிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. ஊர்க்காரர்களிடம் சொன்னது செல்லும். கேட்டவரைக் கூண்டில் ஏற்றுவார்கள், வீடியோவையும் கேட்பார்கள். கேஸ் முடியாதவர்கள் உள்ளே பட்ட பாட்டைச் சொல்லட்டும், கேசைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், சொல்வதற்கே உரிமை இல்லை என்பதும் தவறு. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994ல் உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்றது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் அனுமதியில்லாமல் புகுந்தால் பின்விளைவைச் சந்திக்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடவே கூடாது. குடியாத்தம் அம்மா கேட்பதில் பாதிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

ஒடுகத்தூர் மகள்:
எல்லோரும் உள்ளே போனவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வெளியே இருந்தவள்.

எங்களுக்குப் பீஞ்சமந்தை பக்கம். செம்மரம் வெட்ட வந்ததாக அப்பாவை ஆந்திராவில் பிடித்தார்கள். அம்மா வேலூர், சித்தூர் என்று பஸ் மாறிக் கடப்பா சிறைக்கு மனு பார்க்க, அதாவது அப்பாவை நேரில் பார்க்க, போவார். தெலுங்கு தெரியாது. அப்பா பெயரை ஒரு தாளில் தெலுங்கில் எழுதி வாங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கேட்டில் அதை அவிழ்த்துக் காட்டுவார். உள்ளே விட்டால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். பக்கத்தில் எல்லோரும் கத்துவார்கள். "கேக்கல, கேக்கல" என்பதிலேயே நேரம் முடிந்துவிடும்.

ஊரில் கேட்டால் "கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்கார்" என்போம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது, கேரளாவுக்குப் போனதாகச் சொன்ன வீடுகளில் எல்லாம் அடுப்பு எரியவில்லை. அன்றைக்குத்தான் ஒருவர் வீட்டுப் பொய் இன்னொருவருக்குத் தெரிந்தது. அதன்பிறகு பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். எந்த வக்கீல் பணம் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வரவில்லை, சிறைக்கு எந்தத் துணியைக் கொடுத்தால் உள்ளே விடுவார்கள், எல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். அதனால் கூட்டம் வேண்டும் என்பேன். கேமரா வேண்டாம். என் தங்கைக்கு வரன் பார்க்கிறோம். பையன் வீட்டார் போனில் தேடினால் என் முகம் வரக் கூடாது.

பாலாற்றங்கரை:
புரிகிறது, சகோதரி. ஆனால் திண்ணையோடு நின்றால் அதிகாரிகள் காதுக்கு எப்படிப் போகும்? சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும் பிரித்து அடைப்பதையும் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு பெண் பத்திரிகையாளர் உள்ளே இருந்தவர்களிடம் கேட்டு எழுதி, வழக்கும் போட்டதால் வந்த தீர்ப்பு. நம் பாளையங்கோட்டை சிறையின் பெயரும் அந்த வழக்கில் அடிபட்டது. அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால்? பாரதக் கூத்தில் பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் புலம்புவதை விடிய விடிய உட்கார்ந்து கேட்கிற ஊர் நம்முடையது. இதையும் கேட்கும்.

குடியாத்தத்துக்காரி:
கூத்தில் துரியோதனன் மட்டுமா பேசுகிறான்? திரௌபதி கூந்தலை விரித்துப் போட்டுக் கேட்கிற கேள்விக்கும் ஒரு ராத்திரி உண்டு. உங்கள் மண்டபத்தில் என் அம்மாவுக்கு நாற்காலி எங்கே?

ஒடுகத்தூர் தங்கச்சி, உன் அம்மா பேசுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் கோர்ட்டு வாசலில் தாளை நீட்டிக்கொண்டு நின்றவள்தான்.

ஒடுகத்தூர் மகள்:
நீங்களும் சொல்லணும் அக்கா. ஆனால் அந்த ஆள் பேசும் அதே நாளில், அவருக்குப் பதில் சொல்வது போல வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒரு நாள். யார் வருகிறார்கள் என்று முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆள் பெயர் இருந்தால் நீங்கள் வர வேண்டியதில்லை.

சத்துவாச்சாரி வக்கீல்:
ஒரே கேசின் இரு தரப்பும் ஒரே மண்டபத்தில் கூடவே கூடாது. ஜாமீன் நிபந்தனையே சிலருக்கு அதைத் தடுக்கும்.

பாலாற்றங்கரை:
சரி, முதல் கூட்டங்களுக்குக் கேமரா வேண்டாம், போன்களை வாசலில் வாங்கி வைப்போம். கதை வெளியில் போக வேண்டும் என்று அதைச் சொன்னவரே விரும்பினால், பெயர் மாற்றி எழுத்தில் மட்டும். யூடியூப் வேண்டும் என்ற எண்ணத்தை நான் விடவில்லை, அதைப் பிறகு பேசுவோம். இறந்தவர் பெயரை அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்பதையும் விதியாக வைக்கலாமா?

குடியாத்தத்துக்காரி:
அந்த விதியை எழுதி ஒட்டுங்கள். நான் வருவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அம்மாவைக் கேட்க வேண்டும்.