கிராஷ்: ஒரு சொல்லா, நான்கு சொற்களா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோவதைக் குறிக்கும் ‘கிராஷ்’ என்ற சொல்லுக்கு இணையாக நம் குழுவில் நிலைகுலைவு, முறிவு, செயலிழப்பு, முடக்கம், நொறுங்கல் ஆகியவை இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் எது நிலைக்கவேண்டும் என்பதே விவாதமாக இருந்துவருகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில், ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவது நமக்கு இழப்பாகவே முடியும் என்று கருதுகிறேன். ‘கிராஷ்’ என்று மக்கள் சொல்வது ஒரே நிகழ்ச்சி அன்று. காரணத்தாலும் தீர்வாலும் வேறுபட்ட நான்கு நிகழ்ச்சிகளை அந்த ஒற்றைச் சொல் மூடி மறைக்கிறது. அந்த மறைப்பைத் தமிழிலும் அப்படியே கொண்டுவருவதற்கு ஒரு கலைச்சொல் எதற்கு?

எங்கள் பகுதியில் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ‘சிஸ்டம் படுத்துருச்சுண்ணே’ என்று சொல்வார்கள். அதற்கு மேல் பழுதைப் பற்றித் தெரிந்துகொள்ள நான்தான் கேள்வி கேட்கவேண்டியிருக்கும். ஒரு மென்பொருள் மட்டும் தானாக மூடிக்கொண்டதா? திரையில் இருந்தது அப்படியே நின்று, மவுஸும் நகராமல் போனதா? குறியீட்டோடு கூடிய செய்தி ஏதாவது திரை முழுவதும் வந்ததா? அறையில் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கக் கணினி மட்டும் அணைந்ததா? இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தாலே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பு பாதி வேலை முடிந்துவிடும். நமக்கு வேண்டிய கலைச்சொற்கள் இந்த விடைகளில்தான் இருக்கின்றன.

முதல் நிகழ்ச்சிக்கு ‘முறிவு’ போதும். ஒரு செயலி தனக்கு ஒதுக்கப்படாத நினைவகப் பகுதியைத் தொட முயன்றாலோ, தான் எதிர்பாராத தரவைச் சந்தித்தாலோ, விண்டோஸ் போன்ற இயக்கமுறைமை அதனை மட்டும் நிறுத்திவிடுகிறது. மற்றவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. ‘உலாவி முறிந்தது’, ‘முறிவறிக்கையை அனுப்பு’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டாவது நிகழ்ச்சியை மக்கள் ‘ஹேங்’ என்கிறார்கள். இதற்கு ‘முடக்கம்’ என்ற சொல்லை நண்பர்கள் சிலர் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் தமிழ் இடைமுகங்களில் ஒரு வசதியைப் பயனர் தாமே வேண்டுமென்று நிறுத்திவைப்பதற்கு ‘முடக்கு’ என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. விருப்பத்தோடு செய்வதையும் விருப்பமின்றி நேர்வதையும் ஒரே சொல்லால் குறித்தால், உதவிக் குறிப்புகளைப் படிப்பவர் கட்டாயம் குழம்புவார். ஆகவே ‘உறைவு’ என்பதை முன்மொழிகிறேன். ‘உறைவிடம்’ போன்ற சொற்களில் உறைதல் என்பது தங்குதலைக் குறிக்கிறதே என்று ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமானதுதான். எனினும் ‘கணினி உறைந்தது’ என்ற தொடரில் அந்தப் பொருள் தலைகாட்ட வழியில்லை. ‘உறைநிலை’ என்று நீட்டினால் அது பள்ளி அறிவியல் நூலின் வெப்பநிலைச் சொல்லோடு மோதும் என்பதால் அதனைத் தவிர்த்தேன்.

உறைவைச் சோதிக்க எளிய வழி உண்டு. விசைப்பலகையின் கேப்ஸ்லாக் விசையை அழுத்திப் பார்க்கவேண்டும். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடிருக்கிறது, பெரும்பாலும் வன்தட்டிலிருந்து வரவேண்டிய தரவுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். விளக்கு அசையவே இல்லையென்றால்தான் அது முழு உறைவு. முன்னதற்கு வன்தட்டின் உடல்நிலையையும், பின்னதற்கு ரேம், வரைகலை அட்டை, மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) ஆகியவற்றையும் முதலில் ஐயுறவேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சிக்குத்தான் நம்மிடம் சரியான சொல் இல்லை. என் மடலின் முதன்மையான முன்மொழிவும் இதைப் பற்றியதே. விண்டோஸின் மையப் பகுதியான கருநிரல் (கெர்னல்), நினைவகத்திலோ வன்பொருள் இயக்கியிலோ (டிரைவர்) தன்னால் நம்பமுடியாத ஒரு நிலையைக் கண்டால், மேற்கொண்டு ஓடித் தவறான தரவை வன்தட்டில் எழுதிவிடக்கூடாது என்பதற்காகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்துவதற்கு முன் நினைவகத்தின் ஒரு பகுதியைக் கோப்பாகச் சேமித்து, காரணத்தைக் குறிக்கும் குறியீட்டையும் திரையில் காட்டுகிறது. இது நொறுங்குவதும் அன்று, முறிவதும் அன்று. வேண்டுமென்றே எடுக்கப்படும் ஒரு காப்பு நடவடிக்கை. ஆகவே இதனைத் ‘தன்னிறுத்தம்’ என்று அழைக்கலாம் என்கிறேன். தன்னிறைவு என்ற சொல் புணர்ந்த முறையிலேயே இதுவும் புணர்வதால், முதன்முறை படிப்பவருக்கும் நாவில் தடையிராது. திரையில் தோன்றுவதைத் ‘தன்னிறுத்தக் குறியீடு’ என்றும், சேமிக்கப்படும் கோப்பைத் ‘தன்னிறுத்தப் பதிவு’ என்றும் இதிலிருந்தே வளர்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தித் திரைக்கு ‘நீலத் திரை’ என்ற பெயர் பழகிவிட்டதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்ற கருத்தையும் எண்ணிப் பார்த்தேன். நிறத்தை நம்பிச் சொல் படைப்பது நிலைக்காது என்பதற்கு 2025ஆம் ஆண்டே சான்று: விண்டோஸ் 11இல் அந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இதே நிகழ்ச்சி வேறு தோற்றத்தில் வருகிறது. மேலும், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அந்தப் பிழையான கோப்பை நீக்கியதும் அதே கணினிகள் அப்படியே வேலை செய்தன. எதுவும் நொறுங்கவில்லை என்பதைச் சொல்லாத சொல், நிகழ்ந்ததைச் சொல்லாத சொல்லே.

நான்காவதற்குத் ‘திடீர் அணைவு’ என்று எழுதிவருகிறேன். ‘மின்வெட்டு’ வீட்டுக்கு வெளியிலிருந்து வருவது. இது கணினிக்கு மட்டும் நேர்வது. ‘மின்னிழப்பு’ என்பது கம்பிவழியில் வீணாகும் மின்சாரத்துக்கு உரிய சொல்லாதலால் இங்கே பொருந்தாது. செயலகம் (புராசஸர்) தாங்கும் அளவைக் கடந்து சூடானால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நொடியில் அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் நலிந்திருந்தாலும் யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்திருந்தாலும் அதே காட்சிதான்.

இந்தப் பாகுபாடு என் கற்பனையில் பிறந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால், செயலி முறிவு 1000 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். முறையாக மூடப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியிருந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். அந்தப் பதிவின் விவரப் பகுதியில் ‘பக்செக்கோட்’ என்ற புலம் சுழியம் அல்லாத எண்ணைக் காட்டினால் நடந்தது தன்னிறுத்தம். அது சுழியமாக இருந்து, ‘பவர்பட்டன் டைம்ஸ்டாம்ப்’ என்ற புலத்தில் மட்டும் எண் இருந்தால், உறைந்துபோன கணினியைப் பயனர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டுமே சுழியமாக இருந்தால் முதலில் திடீர் அணைவையே ஐயுறவேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தன்னிறுத்தம் நேர்ந்தவுடன் தானாக மறுதொடக்கம் செய்யுமாறு விண்டோஸ் இயல்பாகவே அமைக்கப்பட்டிருப்பதால், குறியீடு கண்ணில் படுவதற்குள் திரை மறைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் ‘அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆகுது’ என்று சொல்ல, பழுதுபார்ப்பவர் மின்வழங்கியை மாற்றிவிடுகிறார். பணம் செலவாகிறது, பழுது அங்கேயே இருக்கிறது. கணினியின் மேம்பட்ட அமைப்புகளில் தானியங்கி மறுதொடக்கத்துக்கான குறியை எடுத்துவிட்டால் குறியீடு திரையில் நிற்கும். பெயர்கள் பிரிந்திருந்தால் இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியாவது குறையும்.

எங்கள் கடற்கரையில் இந்தத் தெளிவு ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விரித்து எழுத அனுமதிக்கவேண்டும். கடற்காற்றில் கலந்துவரும் நுண்ணிய உப்புத் துளிகளைக் கணினியின் விசிறி உள்ளே இழுத்துக்கொள்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 விழுக்காடே போதும். பாம்பனிலும் மண்டபத்திலும் காற்று அவ்வளவு உலர்வது அரிது. ஆகவே மின்சுற்று அட்டையின்மேல் படிந்த உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமாகவே எப்போதும் இருக்கிறது. ரேம் பட்டையின் முனைகளில் பூசப்பட்டிருக்கும் தங்கம் மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகளின் வழியே அடியிலுள்ள செம்பு வெளிவந்து பச்சையாகப் பூக்கிறது. முனைக்கும் செருகுவாய்க்கும் இடையில் தொடுகை கெட்டுவிட, ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட, கருநிரல் தன்னிறுத்தத்துக்குப் போகிறது.

இந்தப் பச்சைப் பூப்பைச் சிலர் ‘துரு’ என்று எழுதுகிறார்கள். துரு இரும்புக்கு உரியது. பொதுவான வேதியியல் நிகழ்ச்சிக்கு ‘அரிமானம்’ என்ற சொல் உண்டு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் மண்டபத்திலேயே அதற்கென ஓர் ஆய்வுக் களம் வைத்திருக்கிறது. ஆனால் செம்பில் படியும் பச்சைக்குத் தமிழில் தொன்றுதொட்டு வழங்கும் சொல் ‘களிம்பு’. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் மலம் என்ற மாசுக்கு உவமை தேடியபோது எடுத்துக்கொண்டதும் செம்பிலுள்ள களிம்பைத்தான். கணினி வழிகாட்டிகளில் ‘முனைக் களிம்பு’ என்று நாம் எழுதினால், புதிதாக எதையும் படைக்காமலேயே துல்லியமான ஒரு சொல் கிடைத்துவிடும் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டு.

முனைக் களிம்பால் வரும் தன்னிறுத்தத்துக்கு ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. இரவெல்லாம் அணைந்து குளிர்ந்து கிடந்த கணினி, விடியற்காலையில் தொடங்கும்போது தடுமாறும்; சற்று ஓடிச் சூடேறிய பிறகு சீராகிவிடும். வெப்பத்தால் வரும் திடீர் அணைவோ இதற்கு நேர்மாறானது: காலையில் ஒழுங்காக ஓடி, சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியபின், விளையாட்டோ காணொளித் தொகுப்போ நடக்கும்போது அணையும். மாலையில், ஊரெல்லாம் விளக்கெரியும் நேரத்தில் மட்டும் அணைகிறதென்றால் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கவேண்டும். களிம்பேறிய முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது எங்கள் கடைத்தெருக்களில் வழக்கம். அது களிம்போடு தங்கப் பூச்சையும் தேய்த்தெடுத்துவிடுவதால், அடுத்த முறை களிம்பு விரைவாகவே ஏறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து உலரவிடுவதே முறை. துடைத்த பிறகும் தன்னிறுத்தம் தொடர்ந்தால், மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள் கொண்டு ரேமை இரவு முழுவதும் சோதித்து, பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

ஒரு சொல்லுக்கு நான்கு சொற்கள் மிகுதி, பாமர மக்கள் இவற்றை ஏற்கமாட்டார்கள் என்ற எதிர்வாதம் வலுவாக வைக்கப்பட்டுள்ளது. என் ஊர் மக்களை அறிந்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. காற்று அடிக்கிறது என்று மட்டும் சொன்னால் எங்கள் கரையில் எவரும் படகை இறக்கமாட்டார்கள். வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கின் கொண்டலா, தெற்கின் சோழகமா, மேற்கின் கச்சானா என்று கேட்பார்கள். வாடை வீசும் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கமும் கச்சான் வீசும் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கடல் கொந்தளிக்கும் என்பதால், படகை எந்தக் கரையில் கட்டுவது என்பதையே காற்றின் பெயர்தான் முடிவு செய்கிறது. தேவையால் பிறந்த வேறுபாட்டை மக்கள் ஒருபோதும் சுமையாக எண்ணியதில்லை.

நான்கையும் அடக்கிய பொதுச்சொல் ஒன்று வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அந்த இடத்துக்கு ‘நிலைகுலைவு’ முற்றிலும் பொருத்தம். ‘கணினி அடிக்கடி நிலைகுலைகிறது’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் முறிவு, உறைவு, தன்னிறுத்தம், திடீர் அணைவு என்று பிரிக்கலாம். ‘செயலிழப்பு’ என்பதை, மீண்டும் தொடங்கவே மறுத்துவிட்ட கணினிக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. ‘நொறுங்கல்’ கண்ணாடிக்கும் கட்டடத்துக்கும் இருக்கட்டும்.

இவற்றுள் ‘அணைவு’ ஒன்றே எனக்கு முழு நிறைவு தரவில்லை. அணைத்தல் என்பது பயனர் முறைப்படி கணினியை மூடுவதையும் குறிப்பதால், ‘திடீர்’ என்ற அடையை எப்போதும் சுமந்துகொண்டே அது நடக்கவேண்டியிருக்கிறது. மின்துறையில் பணியாற்றும் அன்பர்கள், ஒரு கருவி மட்டும் வழங்கலிலிருந்து அறுந்து நிற்பதற்குத் தங்கள் பணியிடங்களில் வழங்கும் தமிழ்ச் சொல் இருந்தால் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற மூன்றின் மீதும் மறுப்பு இருந்தால் அதனையும் காரணத்தோடு எழுதவேண்டும். அதன்பிறகு விக்சனரி என்ற இணைய அகராதியில் பதிவேற்றலாம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து ஓர் உறுப்பினர்