புதுப்பிப்பு: கான்ஃபிக் இல்லன்னா டூல் என்ன பண்ணணும்?

முன்னாடி கேட்டிருந்தேன்ல, கமாண்ட் லைன் டூல்ல ஒரு செட்டிங் இல்லன்னா டிஃபால்ட் போட்டு ஓடணுமா இல்ல எரர் அடிச்சு நிக்கணுமான்னு, இப்ப மாத்தியாச்சு. கலர், டைம்அவுட் மாதிரி சில்லறை விஷயத்துக்கு டிஃபால்ட், ஆனா சர்வர் அட்ரஸ், டோக்கன் (சர்வருக்குள்ள போக வேண்டிய ரகசிய சாவி) இல்லன்னா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நின்னுடும், பாதி ஃபைல அழிச்சுட்டு அப்புறம் டோக்கன் காணோம்னு சொல்றது இருக்கே, அது கொடுமை.

எரர் மெசேஜுக்கு கிட் (Git, கோட்ல பண்ற மாத்தத்த பதிஞ்சு வைக்கற டூல்) பண்றததான் பாத்து வச்சேன்: பேரு, ஈமெயில் தெரியலன்னா கமிட்ட, அதாவது மாத்தத்த பதியறத, நிறுத்திட்டு எந்த கமாண்ட் அடிக்கணும்னு அதுவே காட்டும். நம்மளுதும் இப்ப எந்த செட்டிங் இல்ல, எங்கெங்க தேடுச்சுன்னு எஸ்டிடிஎரர்ல (stderr, எரர் மெசேஜ் போற தனி வழி) சொல்லிட்டு 78ங்கற எக்ஸிட் கோடோட (எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ற நம்பர்) நிக்கும், பிஎஸ்டில (BSD, யுனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) கான்ஃபிக் எரருக்கு அந்த நம்பர்தான்.

யூசர்கிட்டயே கேட்டு வாங்கறது டெர்மினல்ல ஓடினா மட்டும்தான், க்ரான்ல (cron, குறிச்ச நேரத்துக்கு தானா ஓட வைக்கறது) ஓடறப்ப கேள்வி கேட்டா யாரு டைப் பண்றது?