விண்டோஸ் கோப்புத் தேடலை லினக்ஸுக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. விண்டோஸுக்காக சி++ மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றை லினக்ஸிலும் ஓட வைக்கப் பார்க்கிறேன். அதில் கோப்பு தேடுவதெல்லாம் ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஃபைல் என்ற விண்டோஸ் செயற்கூறுகள் வழியாகத்தான். லினக்ஸில் கோப்புறையைத் திறந்து படிக்கும் ஓப்பன்டிர், ரீட்டிர் போட்டு, பெயர் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் எஃப்என்மேட்ச் கொண்டு வடிகட்டுகிறேன்.

இங்கேதான் சிக்கல். தேடும் வடிவமாக "*.*" என்று கொடுத்தால், 'மேக்ஃபைல்' மாதிரி புள்ளியே இல்லாத பெயரையும் விண்டோஸ் எடுத்துக் கொடுத்துவிடும். எஃப்என்மேட்ச் அதை விட்டுவிடுகிறது. அப்புறம், கோப்பின் அளவும் தேதியும் விண்டோஸில் தேடலோடு சேர்ந்தே வரும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் அந்த விவரங்களைத் தரும் ஸ்டாட்டைத் தனியாக அழைக்க வேண்டியிருக்கிறது. பெரிய கோப்புறை என்றால் வேகம் குறையுமோ என்று ரொம்பவே கவலையாக இருக்கிறது.

பேசாமல் சி++17இன் ஃபைல்சிஸ்டம் நூலகத்துக்கு மாறிவிடலாமா? அதில் வைல்ட்கார்டு ("*" போன்ற குறி போட்டுப் பெயர் தேடும்) வசதி இல்லை என்பதால்தான் தயங்குகிறேன். இரண்டு தளத்துக்கும் எழுதியவர்கள் எந்த வழியில் போனீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.