பிட்காயினுக்கு நிஜமாகவே மதிப்பு இருக்கிறதா?

மதுரைக்காரன்: ரூபாயும் வெறும் காகிதம்தானே, 2016-இல் ஒரே ராத்திரியில் 500, 1000 செல்லாமல் போகவில்லையா? பிட்காயினை மட்டும் ஏன் மதிப்பில்லாத வெறும் காற்று என்கிறீர்கள்? 2.1 கோடிக்கு மேல் அதை உருவாக்கவே முடியாதே.

கணக்குப்பிள்ளை: செல்லாது என்ற அரசுதான் வங்கியில் மாற்றியும் கொடுத்தது, வரிசையில் நின்று கால் கடுத்தது வேறு கதை. 2022 மே மாதம் லூனா என்ற இன்னொரு கிரிப்டோ (டிஜிட்டல்) நாணயம் சில நாட்களில் பைசா பெறாமல் போனபோது யார் வாசலில் போய் நிற்பது? கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரியையே ரூபாயில்தான் கட்டவேண்டும்.

சும்மா_ஒருத்தன்: லூனாவையும் பிட்காயினையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை: சரி, பிட்காயினையே பார்ப்போம் தம்பி. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர் 2021-இல் அதைச் சட்டபூர்வ பணமாக்கியது, மக்கள் அங்கே புழங்கிவந்த டாலரை விடவில்லை, 2025-இல் கடைக்காரர் வாங்கவேண்டிய கட்டாயத்தையே நீக்கிவிட்டார்கள். நாளைக்கு விலை ஏறும் என்று நம்புகிறவன் அதைக் கொடுத்து டீ குடிப்பானா?