ஹெரால்டு கன்வர்டிபிள்: அசலா, கூரை கழற்றின சலூனா?

குடந்தைக்காரன்
கும்பகோணம் பக்கத்துல ஒரு நெல்லுக் கொட்டகையில ட்ரையம்ஃப் ஹெரால்டு 1200 கன்வர்டிபிள் (துணிக்கூரையை மடக்கற பழைய இங்கிலாந்து கார்) விலைக்கு நிக்குது. 1962 மாடல், இங்கிலாந்துல கோவென்ட்ரியிலேயே கட்டிக் கப்பல்ல வந்தது, இந்த மாதிரி இங்க நாலஞ்சுதான் இருக்கும்னு சொல்லி சாதாரண சலூன் (நிலையான தகரக்கூரை) ஹெரால்டைப் போல மூணு மடங்கு கேக்குறாங்க. ஆர்.சி. புக் இருக்கு. எஞ்சின் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை. முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்?

மன்னை ஸ்பேனர்
நியாயமான சந்தேகம்தான். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு. பாடியைத் துண்டுதுண்டா செஞ்சு அதுமேல போல்ட் போட்டு முறுக்கியிருப்பாங்க. சலூன் கூரையும் அப்படி ஒரு துண்டுதான். ஒரு ஸ்பேனர் செட்டும் ரெண்டு ஆளும் இருந்தா ஒரே நாள்ல கழட்டி வச்சிடலாம். அதனால கூரை இல்லைங்கறது எதுக்கும் சாட்சி ஆகாது. எண்ணைப் பாருங்க.

பானெட்டை முன்பக்கமா சாய்ச்சா, டேஷ்போர்டுக்கு முன்னால உள்ள தகரச் சுவர்ல இடது பக்கம் கமிஷன் பிளேட் (ஃபேக்டரி வண்டி எண் அடிச்ச தகடு) இருக்கும். 1200-க்கு அந்த எண் ஜி.ஏ.ன்னு தொடங்கும். கடைசி ரெண்டு எழுத்துதான் பாடி வகை: டி.எல். சலூன், சி.வி. கன்வர்டிபிள், எஸ்.சி. எஸ்டேட். சும்மா ஜி மட்டும் இருந்தா அது 948 சி.சி. சலூன் வகை.

ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலாந்து ஹெரால்டுல இந்த எண்ணை சேஸிஸ் கம்பியில அடிக்கலை. ஆதாரம் அந்தச் சின்னத் தகடு மட்டும்தான். அதனால தகட்டைவிட ரிவெட்டை உத்துப் பாருங்க. சுத்தி இருக்கற பெயின்ட் ரிவெட் தலையில ஒட்டி ஒரே மாதிரி பழசாகியிருக்கணும். ரிவெட்டுக்குப் பதிலா ஸ்க்ரூவோ, நடுவுல ஓட்டை உள்ள புது பாப் ரிவெட்டோ, பக்கத்துல அடைச்ச பழைய துளையோ தெரிஞ்சா, தகடு வேற வண்டியில இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் எண் பிளாக்கோட இடது பக்கம் அடிச்சிருக்கும். அழுக்கை மண்ணெண்ணெய்ல துடைங்க, உப்புத்தாள் போடாதீங்க, எழுத்து தேஞ்சிடும். மெல்லிசு தாள் வச்சுப் பென்சில் பிரிண்ட் எடுங்க. ஜி.ஏ. எஞ்சின்னா 1147 சி.சி. நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு ஹெரால்டு எஞ்சின் 948. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 76 மி.மீ.தான், அதை அளந்து பிரயோசனமில்லை. போர்ல (சிலிண்டரோட உள்விட்டம்) வித்தியாசம்: 948-க்கு 63 மி.மீ., 1147-க்கு 69.3. ஹெட்டைக் கழட்டினா ஸ்கேல்லயே தெரியும்.

டைனமோவையும் (பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கறது) பாருங்க. பழைய லூகாஸ் கம்பெனி டைனமோ உடம்புல மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும். லூகாஸ்-டி.வி.எஸ்.னு இருந்தா இங்க மாத்தினது. அது குத்தமில்லை, ஆனா "எல்லாம் அசல்"ங்கற பேச்சு அங்கேயே அடிபடும்.

நாகை டிங்கர்
பாடியில பாக்க வேண்டியது. முன்கண்ணாடி ஃப்ரேமோட மேல்விளிம்பைத் தடவுங்க. சலூன் கூரை அங்கதான் போல்ட்ல உக்காரும். வரிசையாத் துளை இருந்து பட்டி (புட்டி) வச்சு அடைச்சிருந்தா கதை முடிஞ்சுது. அடுத்து, ஹூட் (மடக்குத் துணிக்கூரை) ஃப்ரேம் திரும்பற பிராக்கெட், பின்சீட்டுக்கு ரெண்டு பக்கமும். ஃபேக்டரி வேலைன்னா இடமும் வலமும் அச்சா ஒரே மாதிரி இருக்கும். கையால வளைச்ச பட்டையும் கேஸ் வெல்டிங் புள்ளியும் தெரிஞ்சா, ரெக்ஸின் கடையில டாப் போடறதுக்காகப் பின்னால வச்சது.

காந்தத்தைத் துணியில சுத்தி ஓட்டுங்க. பட்டி கனமா இருக்கற இடத்துல பிடிக்காது. எங்க கடல்காத்துப் பக்கம் நின்ன வண்டின்னா சேஸிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீளற கைகள்தான் முதல்ல போகும். மேல தார் பூசியிருந்தா ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ள துருப்பொடி.

கதவை மூடி, பின்பக்கம் ஒரு மூலையை மெயின் சேஸிஸ் கம்பியில ஜாக்கி வச்சுத் தூக்குங்க. பக்கத்துக் கைகள்ல ஜாக்கி வைக்கக் கூடாது. இப்ப கதவு இடைவெளி மாறினாலோ, திறந்து மூட இடிச்சாலோ, சேஸிஸ் வளையுது.

பழைய ஆர்.சி.
வண்டியோட ஆர்.சி. புக்குல பாடி வகைங்கற கட்டத்தைப் படிங்க. அங்க சலூன்னு எழுதியிருந்து வண்டியில கூரை இல்லேன்னா, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்கின பதிவு இருக்கான்னு கேளுங்க. 2021-ல வந்த விண்டேஜ் பதிவு விதியிலயும் 50 வருஷம் தாண்டினா மட்டும் போதாது, சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெருசா மாத்தியிருக்கக் கூடாது.

கமிஷன் எண் கைக்கு வந்ததும் இங்கிலாந்துல கேடன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல ஹெரிடேஜ் சான்றிதழுக்கு எழுதுங்க. ஃபேக்டரி ஏட்டுல இருந்து கட்டின தேதி, எஞ்சின் எண், பெயின்ட் நிறம், எந்த ஊருக்கு அனுப்பினாங்கங்கறது வரும். கதவு உள்விளிம்புல பெயின்ட்டைச் சுரண்டி அடி நிறத்தை அந்த ஏட்டு நிறத்தோட ஒத்துப் பாருங்க. சான்றிதழ் வர்ற வரைக்கும் காசு கொடுக்காதீங்க.

குடந்தைக்காரன்
போய்ப் பாத்துட்டேன் அண்ணே. தகடு ரெண்டு ஸ்க்ரூவுல நிக்குது, எண் ஜி.ஏ.ன்னு தொடங்கி டி.எல்.ல முடியுது. எஞ்சின் எண்ணுல ஜி.ஏ. இல்லை, ஜி மட்டும்தான். கண்ணாடி ஃப்ரேம்ல துளைகள் இருக்கு, பட்டிகூட வைக்கலை. புக்குல சலூன்.

மன்னை ஸ்பேனர்
அப்ப அது 948 எஞ்சின் போட்ட சலூன். மூணு மடங்கு விலைக்கு வழியே இல்லை. ஆனா துளைகள் கெடாம இருக்கறது நல்ல சேதி, கூரையை வெட்டாம கழட்டியிருக்காங்க. பழைய கூரை கொட்டகைப் பரண்ல கிடக்கான்னு கேளுங்க. இருந்தா சலூன் விலைக்குப் பேசி ரெண்டையும் சேத்து எடுங்க, திரும்ப முறுக்கிடலாம்.

எடுத்தா ஓட்டறதுக்கு முன்னாடி முன்சக்கர ட்ரன்னியன்ல (சக்கரம் திரும்பற கீழ் மரை மூட்டு) 90 நம்பர் கியர் ஆயில் ஏத்துங்க. கிரீஸ் வேணாம். கிரீஸ் உள்ள கட்டிப்போய் மரையைக் காய விட்டுடும், மேல நிக்கற கம்பி துருப்பிடிச்சு முறிஞ்சு சக்கரம் மடங்கிடும்.