பழைய கௌபாய் தொடரை ‘சீரியஸா’ மறுபடி எடுத்ததைப் பார்த்து நொந்தவங்க இருக்கீங்களா?

குதிரைவால்:
2013ல வந்த லோன் ரேஞ்சர் படம், முகமூடி போட்ட கௌபாய் ஹீரோ கதை. நியூஜெர்சி தியேட்டர். பையனுக்கு எட்டு வயசு. 1949ல ஆரம்பிச்ச பழைய தொடரை டிவிடில போட்டுக் காட்டி வளர்த்தது நான்தான். கண்ல துணியைக் கட்டிக்கிட்டு சோஃபா கைப்பிடில சவாரி போவான். அதுல ஹீரோ சுட்டா எதிராளி துப்பாக்கிதான் தெறிச்சு விழும், ஆள் சாக மாட்டான். அந்த நம்பிக்கைல கூட்டிட்டுப் போனேன். வில்லன் கேவண்டிஷ் வந்து ஹீரோவோட அண்ணன் நெஞ்சைக் கிழிச்சு இதயத்தைத் தின்றான்! முழுசா காட்டல, ஆனா எட்டு வயசுக்குக்கூடப் புரியுது. பையன் கை பாப்கார்ன் டப்பாவுக்குள்ளயே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வெள்ளைக் குதிரை மரக்கிளை மேல நிக்குது, தியேட்டரே சிரிக்குது. இவன் மெதுவா என் காதுல, “அப்பா, இப்ப சிரிக்கலாமா?”

ஆஸ்டின்வாசி:
சார், அது சீரியஸோட தப்பு இல்ல. ஒரு சீன் ரத்தம், ஒரு சீன் கோமாளித்தனம்னு ரெண்டுங்கெட்டானா எடுத்ததுதான் தப்பு. வாக்கர்ங்கிற டெக்சஸ் போலீஸ்காரன் தொடர் 2021ல புதுசா வந்தப்ப ஊர்லேருந்து வந்திருந்த அம்மாவோட பார்த்தேன். அம்மாவுக்கு, கராத்தே உதைக்குப் பேர்போன சக் நாரிஸ் நடிச்ச பழசு நல்லாப் பழக்கம், முந்தின தடவை வந்தப்ப மத்தியானமெல்லாம் மறு ஒளிபரப்பு ஓடிட்டே இருக்கும். புதுசுல முதல் எபிசோட்லயே பொண்டாட்டி செத்துடுறா, அவன் மாசக்கணக்கா வேற வேலையா போயிட்டு வீட்டுக்கு வந்தா புள்ளைங்க முகம் கொடுத்துப் பேசல. எனக்குத் தொண்டை அடைச்சுது. அம்மா முழுசா பார்த்துட்டு, “ஏன்டா, இவன் காலைத் தூக்கி உதைக்கவே மாட்டானா?”ன்னாங்க. நான் பதில் சொல்லல. நாலு சீசன் போச்சு, ஒவ்வொரு எபிசோட்லயும் அந்தக் காலுக்காகக் காத்திருந்தது நான்தான்.

சிவகாசி சித்தப்பு:
நான் பாதிலயே எழுந்து வந்துட்டேன், லோன் ரேஞ்சர்ல. அவ்ளோதான் என் கதை.
குதிரைவால் தம்பி, சின்னப் புள்ளைய கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பிஜி-13னு, அதாவது 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எச்சரிக்கைன்னு, போட்டிருக்கிறதைப் பார்க்க வேண்டாமா? இனிமேலாவது முதல்ல நீங்க தனியா பாருங்க. பையனுக்குப் பழசையே தொடர்ந்து காட்டுங்க, முதல் மூணு எபிசோட் ஒரே கதை, முகமூடி எப்படி வந்துச்சுன்னு அதுல இருக்கு. அப்புறம் அந்தப் பழைய தொடர்ல ஹீரோவா நடிச்ச கிளேட்டன் மூர் கதையையும் சொல்லுங்க. 1981 படத்துக்காக உரிமைக்காரங்க கோர்ட்டுக்குப் போயி, அந்த மனுஷன் விழாக்கள்ல முகமூடி போடக் கூடாதுன்னு 1979ல தடை வாங்கினாங்க. பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிட்டுப் போனார். படம் ஊத்திக்கிச்சு, அதுல ஹீரோ குரலே வேற ஆளோடது. 1984ல முகமூடி திரும்ப அவர்கிட்டயே வந்துச்சு. டெக்ஸ் வில்லர்ங்கிற கௌபாய் காமிக்ஸும் வாங்கிக் குடுங்க, தமிழ்லயே கிடைக்குது. ராத்திரி படுக்கும்போது மட்டும் வேண்டாம்.

குதிரைவால்:
சித்தப்பு, பையன் இப்போ காலேஜ் படிக்கிறான். அறிவுரை கேட்கல நான்.
ஆஸ்டின்வாசி, அம்மாகிட்ட கடைசில என்னதான் சொன்னீங்க?

ஆஸ்டின்வாசி:
அடுத்த வாரம் உதைப்பான்னு.