தேரி மணலில் ஓட ஒரு பக்கி வண்டி: பழைய மாருதி 800-ஐப் பிரித்துச் செய்ய முடியுமா?

தேரிக்காட்டான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடான தேரியை ஒட்டி எங்களுக்குப் பதினொரு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பாதியில் முருங்கை நிற்கிறது. மீதியில் பனையும் கொல்லாமரமும். கிணற்றடியிலிருந்து கடைக்கோடி வரப்புக்கு ஏறத்தாழ எழுநூறு மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்துக்குத் தண்ணீர்க் கேன், உரமூட்டை, மண்வெட்டி எல்லாவற்றையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோகிறோம். பைக் பாதி வழியில் மணலில் இறங்கிவிடுகிறது. ஆடி மாதத்தில் அடிக்கிற காற்றோ முதல்நாள் போட்ட தடத்தை மறுநாள் காலைக்குள் மூடிவிடுகிறது.

வீட்டில் 1997-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று நிற்கிறது. கார்புரேட்டர் வண்டி. அடித்தகடு முழுவதும் உப்புக்காற்றில் அரித்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை தெரிகிறது. ஆனால் எஞ்சின் இன்றும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, கியர்பாக்ஸிலும் சத்தம் இல்லை. இதை இரும்புக்கடையில் எடைக்குப் போட மனம் வரவில்லை. குழாய்ச் சட்டம் அமைத்து, இரண்டு பேரும் எண்பது கிலோ சுமையும் ஏறுகிற மாதிரி ஒரு பக்கி வண்டி (buggy, மணலில் ஓடும் திறந்த வண்டி) செய்யலாம் என்று நினைக்கிறேன். (எங்கள் ஊரில் ‘பக்கி’ என்றால் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அம்மா ஏற்கெனவே சிரித்துவிட்டார்.)

எஞ்சினை முன்னாலேயே வைக்கலாமா, பின்னால் கொண்டுபோக வேண்டுமா? சட்டத்துக்கு எந்தக் குழாய் வாங்குவது? அந்த ஒல்லியான பன்னிரண்டு அங்குல டயர் மணலைத் தாங்குமா? எனக்கு வெல்டிங் ஓரளவு வரும், கதவு கேட் செய்திருக்கிறேன். வாகனச் சட்டம் செய்ததில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பட்டறைவாசி:

வணக்கம் தம்பி. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இதே 800-ஐக் கொண்டு இரண்டு வண்டி செய்திருக்கிறேன். முதலாவது பாடம், இரண்டாவதுதான் வண்டி.

எஞ்சினைப் பின்னால் கொண்டுபோங்கள். மணலில் இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை உட்கார வேண்டும், வழிகாட்டுகிற சக்கரம் லேசாக மிதக்க வேண்டும். 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மெயர்ஸ் என்பவர் மெயர்ஸ் மேங்க்ஸ் என்ற மணல் வண்டியைச் செய்தபோது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே, அதில் எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததுதான். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் 800-இல் எஞ்சின், கியர்பாக்ஸ், இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே கட்டியாக, குறுக்குவாட்டில் இருக்கின்றன. முன்னிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. அந்தக் கட்டியை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கர இழுவை வண்டி தயார். வைக்கும்போது திசையை மாற்றிவிடாதீர்கள். காரில் எந்தப் பக்கம் முன்னால் பார்த்ததோ அதே பக்கம் இங்கும் முன்னால் பார்க்க வேண்டும். இடம் போதவில்லை என்று திருப்பி வைத்தால் முன்னால் போக ஒரே கியரும் பின்னால் போக நான்கு கியரும் கிடைக்கும்.

காரை வெட்டுவதற்கு முன்பு ஒரு நாள் முழுவதையும் அளவெடுக்க ஒதுக்குங்கள். சிமெண்ட் தரையில் ரசமட்டம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) மேல்முனை, கீழ்க்கை (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) போல்ட், எஞ்சின் மவுண்ட், ஸ்டியரிங் ராடு முனை, சக்கர நடு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, விழுகிற இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, தரையிலிருந்து உயரத்தைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் புள்ளிகளை அப்படியே பின்பக்கத்தில் திரும்ப உருவாக்குவதுதான் வேலை. புதிதாக எதையும் வடிவமைக்க வேண்டாம். சுசுகிக்காரன் கணக்குப் போட்டு வைத்த கோணங்களை நாம் கண்ணளவில் மாற்றினால் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்தான் விலை கொடுக்கும். வண்டி சுமையோடு நிற்கும்போது ஷாஃப்ட் ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சட்டத்தை ஏகமாகத் தூக்கினால், ஷாஃப்ட் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு எப்போதும் மடங்கிய நிலையிலேயே சுற்றும். அதன் ரப்பர் பூட் கிழியும், தேரி மணல் கிரீஸோடு கலந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஷாஃப்டின் உள்முனை வெளியே வந்துவிடாமல் இருக்க, பழைய சீட் பெல்ட் நாடாவை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கீழ்க்கையைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்.

அடுத்தது, நான் முதல் வண்டியில் தவறிய இடம். காரில் முன்சக்கரமாக இருந்ததால் அதன் ஹப்பைத் தாங்கும் நக்கிளில் ஸ்டியரிங் கை இருக்கும். பின்னால் போனதும் அது திரும்பக் கூடாது. ஸ்டியரிங் ராடின் முனையைச் சட்டத்தில் கையெட்டிய இடத்தில் போல்ட் போட்டுக் கட்டிவிட்டேன். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வரப்பை ஏறி இறங்கியதும் ஒரு பக்கச் சக்கரம் தானாக உள்ளே திரும்பி, நான் நேராகப் பிடித்திருக்க, வண்டி வாழைக்குள் போய் நின்றது. அந்த ராடு கீழ்க்கைக்கு இணையாகவும் அதே நீளத்திலும் இருந்து, அதன் உள்முனை கீழ்க்கையின் சுழல்புள்ளிக்கு நேராக அமைந்தால்தான் சக்கரம் ஏறி இறங்கும்போது கோணம் மாறாது.

முன்பக்கத்துக்கு இன்னொரு 800-இன் முன் செட் வேண்டும்: நக்கிள், ஸ்ட்ரட், கீழ்க்கை எல்லாம் சேர்த்து. அங்கே டிரைவ் ஷாஃப்ட் வராது. வராதென்று ஹப்பைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பழைய வெளி ஜாயின்ட்டின் பல்லுள்ள தண்டை மட்டும் ஹப்புக்குள் விட்டு நட்டை முழு முறுக்கில் இறுக்க வேண்டும், ஏனென்றால் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்துவைத்திருப்பதே அந்தத் தண்டும் நட்டும்தான். இது தெரியாமல் ஒருவர் ஓட்டிப்பார்த்து, சக்கரம் அவரைவிட முன்னால் உருண்டு போனதை நானே பார்த்தேன்.

கூண்டுக்குழாய்:

பட்டறைவாசி ஐயா சொன்னதோடு சட்டத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். மாணவர்கள் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டியைத் தாங்களே செய்து ஓட்டும் பாஹா (Baja) போட்டிக்கான கல்லூரி அணியில் இருந்தவன். 2007 முதல் இந்தியாவில் நடக்கும் அந்தப் போட்டிக்கு, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர்த் தடத்தில் எங்கள் வண்டியும் போயிருக்கிறது.

அங்கே, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கவிழ்வுக் கூண்டின் முதன்மைக் குழாய்க்குச் சொல்லப்படும் குறைந்த அளவு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், 0.18 சதவீதம் கார்பன். ஆனால் அது 305 சி.சி., பத்துக் குதிரைச் சக்தி எஞ்சினைச் சுமக்கும் ஒற்றை ஆள் வண்டிக்கான அளவு. உங்களுடையது 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். இரண்டு ஆளும் சுமையும் வேறு. அதனால் முதன்மை வளையங்களுக்கு 38 அல்லது 42 மி.மீ. விட்டத்தில் 3 மி.மீ. சுவருள்ள தையலில்லாக் குழாய் எடுங்கள், குறுக்குத் தாங்கிகளுக்கு 25 மி.மீ. போதும். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப்பை மட்டும் தொடாதீர்கள். துத்தநாகப் பூச்சின் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

நீங்கள் கேட் செய்த பழக்கம் இங்கே ஒரு விதத்தில் இடைஞ்சல். கேட்டில் குழாயை நேராக வெட்டி முட்டவைத்து, இடைவெளியை வெல்டால் நிரப்பிவிடலாம். இங்கே ஒவ்வொரு முனையையும் மீன்வாய் போல வளைவாக அராவி, அடுத்த குழாயின் முதுகில் வெளிச்சம் தெரியாமல் உட்காரவைத்த பிறகே வெல்டிங் ராடை எடுக்க வேண்டும். முழுச் சட்டத்தையும் முதலில் டாக் (சிறு புள்ளி வெல்ட்) மட்டும் வைத்து நிறுத்தி, மூலைவிட்டம் அளந்து, பிறகு இடம் ஒரு மூட்டு, வலம் ஒரு மூட்டு என்று மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரே பக்கமாகப் போனால் சட்டம் வாழைப்பழமாக வளையும். எந்தக் குழாயும் இன்னொன்றின் நடுவயிற்றில் போய் முட்டி நிற்கக் கூடாது, முக்கோணமாக ஒரு மூட்டில் போய்ச் சேர வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இது கட்டாயம். குழியில் விழும்போது அடி முழுவதும் அந்த இடத்தில்தான் ஏறும்.

தலைக்கவசத்தோடு உட்கார்ந்து பார்த்தால் மேல்குழாய்க்கும் தலைக்கும் நடுவில் 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். காரின் மூன்று முனை பெல்ட் இதற்கு ஆகாது. நான்கு முனை பெல்ட்டை வாங்கி, இருக்கையில் அல்ல, சட்டத்தில் கட்டுங்கள். இதில் மட்டும் பழைய சாமான் வேண்டாம்.

மாட்டுவண்டி:

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. இவ்வளவு பாடு ஏன்? மாருதி ஓம்னி வேனிலும் அதே 796 சி.சி. எஞ்சின்தான், ஆனால் நீளவாட்டில் இருக்கிறது, பின்னால் முழு ஆக்ஸில், அதற்கு இலைவில் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்). பின்பக்கம் கிழிய ரப்பர் பூட் இல்லை, ஒடிய சி.வி. ஜாயின்ட் இல்லை. பின்சக்கரத்துக்கு ஸ்டியரிங் ராடு கட்டும் தலைவலியும் இல்லை. எங்கள் ஊர்ப் பால்காரர் பாடியைக் கழற்றிவிட்டு இரண்டு குழாய் வைத்து ஓட்டுகிறார், வருடத்துக்கு ஒருமுறை பட்டை மாற்றுவதோடு சரி.

பட்டறைவாசி:

மாட்டுவண்டிக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. செம்மண் சாலை, கல்பாதை, சுமை இவைதான் உங்கள் நிலம் என்றால் ஓம்னி ஆக்ஸில் எதையும் தாங்கும். ஆனால் ஓம்னியின் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, எடை முன்னால் விழுகிறது. பால்காரருக்குப் பின்னால் கேன்கள் எப்போதும் இருப்பதால் தெரியாது. வெறும் வண்டியாகத் திரும்பும்போது தேரி மணலில் பின்சக்கரம் தோண்டும், அந்த ஆக்ஸிலின் நடு உருண்டை மணலில் கலப்பை மாதிரி இறங்கும். தவிரவும், தம்பியிடம் இருப்பது 800; கையில் இருப்பதைக் கொண்டு செய்வதுதான் இந்த வேலையின் ருசி.

டயர் பற்றிக் கேட்டிருந்தார். 145/70 ஆர்12 ஒல்லிதான், ஆனால் வண்டியை 450 கிலோவுக்குள் நிறுத்த முடிந்தால் அதுவே போதும். காற்றை 12, 13 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுங்கள். தடம் நீண்டு, டயர் மணலின் மேல் படுக்கும். அந்தக் காற்றில் வேகமாக ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டு நழுவும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றித் தோண்டினால், பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி கைப்பிரேக் நெம்புகோல் வையுங்கள். சுற்றுகிற பக்கத்தைச் சற்றுப் பிடித்தால் டிஃபரென்ஷியல் இழுவையை மறுபக்கத்துக்குத் தள்ளும். டிராக்டரின் இரண்டு பிரேக் மிதியும் இதற்கு உதவுவதுதானே. 800-இன் கைப்பிரேக் பின் டிரம்மில் வேலை செய்வது; முன் செட்டைப் பின்னால் கொண்டுவந்துவிட்டதால் உங்களிடம் நிறுத்து பிரேக்கே இருக்காது. இந்த நெம்புகோலில் பூட்டும் பற்சக்கரம் வைத்தால் அந்தக் குறையும் தீரும்.

ரேடியேட்டரை இருக்கைக்குப் பின்னால் உயரத்தில், மின்விசிறியோடு வையுங்கள். அதன் மூடிதான் தண்ணீர்ச் சுற்றிலேயே உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் தலையில் காற்று சிக்கி, வெப்பமானி முள் ஏறாமலேயே கேஸ்கெட் போய்விடும். ஏர் ஃபில்டரின் வாயைக் கூண்டின் உச்சிக்குக் கொண்டுபோய், அதன்மேல் எண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு உறை போடுங்கள். உங்கள் ஊர்ச் செம்மணல் மாவு மாதிரி. ஒரு ஆடிக் காற்று போதும், பிஸ்டன் வளையம் தேய்ந்து புகை கக்க.

வரப்போரம்:

கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைச் சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு ‘இதுவும் அதே வண்டிதான்’ என்று சொல்ல முடியாது. காரைப் பிரித்ததும் 55-ஆம் பிரிவின்படி பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் பட்டா நிலத்துக்குள் ஓட்டுங்கள். நடுவில் ஊராட்சிச் சாலை குறுக்கிட்டால் அதைக் கடப்பதும் சாலையில் ஓட்டுவதுதான். தேரியில் வனத்துறையின் காப்புக்காடும் இருக்கிறது. வேலி இல்லாத இடத்தில் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டான்:

அனைவருக்கும் நன்றி. நல்லவேளையாக எங்கள் நிலத்தின் குறுக்கே சாலை இல்லை. எஞ்சினைப் பின்னால் வைப்பதென்று முடிவுசெய்துவிட்டேன். இன்று காலை தம்பியோடு வண்டியைக் களத்துமேட்டுச் சிமெண்ட் தரைக்குத் தள்ளிவந்து, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி அளக்கத் தொடங்கினோம். முதல் ஆறு புள்ளிகளிலேயே வலப்பக்க ஸ்ட்ரட்டின் மேல்முனை இடப்பக்கத்தைவிட 9 மி.மீ. பின்தள்ளி இருப்பது தெரிந்தது. பல வருடங்களுக்கு முன்பு அப்பா அந்தப் பக்கத்தை ஒரு புளியமரத்தில் மோதியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பட்டறைவாசி ஐயா, இப்போது இரண்டு பக்கத்துக்கும் இடப்பக்க அளவையே எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைவாசி:

இடப்பக்க அளவையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. வலப்பக்க ஸ்ட்ரட்டையும் கீழ்க்கையையும் பயன்படுத்துவதற்கு முன்பு கண்ணாடித் தட்டின் மேல் உருட்டியும் படுக்கவைத்தும் பாருங்கள். வளைவு இருந்தால் மாற்றிவிடுங்கள். அப்பாவிடம் எந்த வேகத்தில் மோதினார் என்று கேளுங்கள். எஞ்சின் மவுண்டும் தள்ளியிருக்க வாய்ப்புண்டு.